முதல் முதலீடு: மனையா, பிளாட்டா?

கேள்வி: கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மனை வாங்கிப் போடலாமா, பிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: மனை வாடகை தராது, பிளாட் வயதாகாமல் இராது. மாதாமாதம் வருமானம் வேண்டுமென்றால் பிளாட், பத்து வருடம் பொறுக்க முடியுமென்றால் மனை.

எதுவானாலும் கணக்கில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் மனையின் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்சத்துக்குப் பதிவு செய்தால் 3.6 லட்சம் தனி. அவசரமாக வாங்கி அவசரமாக விற்றால், லாபம் உங்களுக்கு முன்பே பத்திர ஆபீஸுக்குப் போய்விடும்.

அடுத்தது காகிதம். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். வில்லங்கத்தில் பதிவானவை மட்டுமே தெரியும். அண்ணன் விற்கும் பூர்வீக நிலத்தில் தங்கைக்குள்ள பங்கு தெரியாது. அதனால் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். மனைப்பிரிவென்றால் நகரமைப்பு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் கட்டாயம். கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டென்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) பதிவு எண்ணைப் பாருங்கள். ரெரா சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகும் முன் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

கடைசியாக, இடத்தை ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். புரோக்கர் சொல்லாததைத் தண்ணீர் சொல்லிவிடும். கடன் வாங்குவதானால், ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியே வைத்துக்கொண்டு, பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.