கடைமடைக்குத் தண்ணி போச்சா, சிஇஓ?

பேராண்டி, இங்கிட்டு வந்து உக்காரு. அந்த லேப்டாப்ப மூடு. மூடுனா கம்பெனி நின்னு போகுமோ? அப்படி நிக்கிற கம்பெனி, நிக்கட்டும்.

2025 ஜூன்ல நம்ம கூமாப்பட்டியில நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? நம்ம ஊர்ப் பய ஒருத்தன் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, கூமாப்பட்டிக்கு வாங்கன்னு இன்ஸ்டாகிராம்ல ஒரு கூப்பாடு போட்டான். சனம் வண்டி கட்டிக்கிட்டு வந்து இறங்கிருச்சு. வந்த பெறகு அதிகாரிங்க சொல்றாங்க, பிளவக்கல் அணையில குளிக்க அனுமதி இல்லையின்னு. துண்டும் சோப்புமா வந்தவன் தோப்பப் பாத்துட்டுத் திரும்பிப் போனான். நீ உன் கம்பெனிக்கு எடுத்த வீடியோவும் அந்த ரகம்தான். அந்தப் பயலாவது அணையின்னு ஒண்ணு இருந்ததால கூப்பிட்டான். உனக்கு ஆப்பே இன்னும் ஓடலையே ராசா! பனியன்ல மட்டும் லோகோ பளபளன்னு இருக்கு.

சரி, மொத்தம் எத்தனை பேருடா நீங்க? நாலு. அதுல மூணு பேரு தலைவருங்க. ஒருத்தன் பெங்களூர்ல சிடிஓ, ஒருத்தன் வேளச்சேரியில சிஎஃப்ஓ, நீ வேப்ப மரத்தடியில சிஇஓ. பாவம், அந்த நாலாவது பய யாரு சொல்றதக் கேப்பான்?

கிராமத்துல கம்பெனி நடத்துறது எப்படின்னு பக்கத்துலயே பாக்கலாம். புளியங்குடி, கடையநல்லூர் வழியாப் போனா தென்காசி. அங்கிட்டுத்தான் மத்தளம்பாறை. ஸ்ரீதர் வேம்பு 1996ல அட்வென்ட்நெட்டுன்னு ஒரு சாப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சாரு. அதுதான் இப்ப ஸோஹோ. வெளி ஆளு காசு வாங்கல. மத்தளம்பாறையில ஆபீசு போட்டது 2011ல. நடுவுல பதினஞ்சு வருசம் ஓடியிருக்கு. நீ ஆரம்பிச்ச மூணாம் மாசமே 'கிராமத்துலருந்து உலகத்துக்கு'ன்னு போர்டு எழுதிட்ட. அந்த மனுசன் 2025 ஜனவரியில சிஇஓ நாற்காலிய கூட இருந்தவர்கிட்ட குடுத்துட்டு, ஆராய்ச்சி பாக்கப் போயிட்டாரு. உங்க மூணு பேர்ல எவனாவது பதவிய விடுவானா? விசிட்டிங் கார்டு ஆயிரம் அடிச்சாச்சே.

காலையில ஒம்பதரைக்கு ஒரு மீட்டிங் போடுற. 'ஸ்டாண்டப்'னு பேரு. நின்னுக்கிட்டுப் பேசணுமாம். நீ கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசுற. அஞ்சு நிமிசப் பேச்சு பத்தரைக்கு முடியுது. அதுலயும் பாதி நேரம் 'நான் பேசுறது கேக்குதா, கேக்குதா'ன்னு போயிருது. பெறகு ஸ்லாக்குல பச்சைப் புள்ளி அணைஞ்சிரக் கூடாதுன்னு காவல் காக்குற. அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோன்னு ஒரு பேங்கு. 2024ல, கீபோர்டு தட்டுற மாதிரிப் பாசாங்கு பண்ணுனவங்கன்னு பத்துப் பேருக்கு மேல வீட்டுக்கு அனுப்புனாங்க. நான் சொல்றேன், புள்ளியப் பாத்து சம்பளம் குடுத்தா புள்ளிதான் வேலை பாக்கும்.

புள்ளியப் பாக்காம வேலை எப்படி நடக்கும்னு கேக்குறியா? நம்ம கம்மாய்ப் பாசனத்த நீ எப்பவாச்சும் கவனிச்சியா? பிளவக்கல் பெரியாறு அணை 47 அடி சொச்சம். தெறந்து விட்டா வத்திராயிருப்பு வட்டாரத்துல கம்மாய்க நெறையும். நெறைஞ்ச பெறகுதான் வம்பே. மடைக்குப் பக்கத்து வயக்காரனுக்கு எப்பவும் தண்ணி உண்டு. காயிறது கடைமடை. அதுக்குத்தான் அந்தக் காலத்துல நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆளு வச்சாங்க. தெறக்குறதும் அடைக்கிறதும் அவன் பொறுப்பு. எம்புட்டுப் பெரிய பண்ணையாரா இருந்தாலும், முறை வராம மம்பட்டியத் தூக்கிட்டு வந்து வாய்க்கால வெட்டுனா பஞ்சாயத்துதான். ராத்திரி ரெண்டு மணிக்கு உன் முறை வந்தா நீ எந்திரிக்க வேண்டாம், அவன் பாய்ச்சிட்டுப் போயிருவான். விடிஞ்சா 'அப்டேட்'டு வராது, வயலு நனைஞ்சிருக்கும்.

அவனுக்குக் கூலி? அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லு அளக்குறப்போ பங்கு. விளைச்சல் படுத்தா அவன் பங்கும் படுத்துரும். அதனால எவனும் மேல நின்னு ஏவல. நீயும் அந்த நாலாவது பயலுக்கு ஈசாப்புன்னு கம்பெனிப் பங்கு ஏதோ எழுதிக் குடுத்திருக்க. ஆனா மடையத் தொட விட மாட்டேங்கிற. ஒரு பட்டன் நெறத்த மாத்தக்கூட மூணு தலைவரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தன் பச்சைங்கிறான், ஒருத்தன் நீலங்கிறான், நீ ஓட்டெடுப்பு வைக்கிற. இதுல நாலு நாளு.

உன் கடைமடை எதுன்னு தெரியுமா? சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யிறவங்களுக்கு பில்லு போடுற ஆப்புன்னுதான சொன்ன? அந்தத் தறிக்காரரு கையில இருக்குற போன்ல பில்லு வருதா? அதப் பாரு. பெங்களூர்க்காரன் எத்தனை மணிக்கு எந்திரிச்சான்னு உனக்கு எதுக்கு? அவன் மத்தியானம் குறட்டை விட்டுட்டு நடுச்சாமத்துல எழுதுறானோ என்னமோ. பில்லு வந்தாச் சரி.

இந்தப் பெரிய மனுசங்க வேற. நாராயணமூர்த்தி 2023ல வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னாரு. 2025ல எல் அண்டு டி தலைவரு 90 மணிக்கு ஏத்தி விட்டாரு, ஞாயித்துக்கிழமையும் சேத்து. அதக் கேட்டுட்டு உங்க அப்பத்தா ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு! மாட்டுக்குத் தண்ணி காட்டுறதுல ஆரம்பிச்சு ராத்திரி சட்டி கழுவுற வரைக்கும் அவ மணிய எவன் எண்ணுனான்? அவளுக்கு எந்த முதலீட்டாளரும் செக்கு நீட்டலையேப்பா. நீ எண்ணி எண்ணி 70 மணி நேரம் ஸ்கிரீனப் பாத்துட்டு, கண்ணுக்கு மருந்து விடச் சொல்லி அவகிட்டயே போய் நிக்கிற.

என்ன முழிக்கிற? எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம், பயப்படாத. அந்த நாலாவது பயலுக்குப் போனப் போடு. 'தம்பி, நீ முடிச்ச வேலை எது எது எங்க கையெழுத்துக்காகக் காத்துக் கெடக்கு'ன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடிக்க, அவன் பேசட்டும். மீட்டிங்னு சொல்லிறாத, பய பயந்து போயி மத்த ரெண்டு தலைவரையும் இழுத்துட்டு வந்துருவான்.

டவர் கிடைக்கலையா? மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நில்லு, அங்க ரெண்டு கோடு காட்டும். போறதுதான் போற, அந்தக் கன்னுக்குட்டிய அவுத்து நெழல்ல கட்டிட்டு வா.