குடலுக்கு வந்த வெட்கம்

எங்கள் ஆச்சி வீட்டில் வயிறு என்பது அவரவர் சொந்த விஷயமாக இருந்ததில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஆச்சி, எதிரே வருவது பேரனா, மருமகனா, நேற்று ராத்திரி வந்திறங்கிய சம்பந்தியா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "வெளிக்குப் போயாச்சா?" என்பதுதான் முதல் விசாரிப்பு. பதிலும் கூசாமல் வரும். இறுகிப் போயிருந்தால் ராத்திரிக்கு வாழைப்பழம், இளகியிருந்தால் மத்தியானம் மோரும் சுட்ட அப்பளமும். தாத்தா ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர். அவரும் இந்த ஒரு விஷயத்தில் ஆச்சிக்குக் கைகட்டிப் பதில் சொல்வார்.

இதன் திருவிழா முழுப் பரீட்சை லீவில் வரும். பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்ததும் ஆச்சி ஒரு நாள் குறிப்பாள். முந்தின ராத்திரி அரை வயிற்றுக்கு ரசஞ்சோறு. விடியற்காலை வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். பொடிசுகளுக்குச் சங்கில், பெரியவர்களுக்குக் கடுங்காப்பியில் கலந்து தம்ளரில். சித்தி காலைப் பிடித்துக்கொள்ள, மாமா மூக்கைப் பிடிக்க, ஆச்சி ஊற்றுவாள். அதன் பிறகு வெந்நீர், மேலும் வெந்நீர். அப்புறம் புறவாசல் தோட்டம்.

கணக்கு ஆச்சியின் பொறுப்பு. ஆளுக்கு ஒரு வரிசையாக அடுக்களைச் சுவரில் கரிக்கோடு போடுவாள். வந்ததை ஒரு குச்சியோடு போய்ப் பார்த்து, பூச்சி விழுந்திருக்கிறதா என்று ஆராய்வதும் அவள்தான். மதில்மேல் தலை நீட்டி, "பிள்ளைகளுக்குப் பேதிக்கா இன்னைக்கு?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பாள். "ஆமா, மூத்தவனுக்கு எட்டு, இவனுக்கு ஆறுதான் ஆயிருக்கு" என்று ஆச்சி தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்வாள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். எனக்கு இரண்டு குறைந்துவிட்டதே என்று அழுகை வரும். தெளிந்த தண்ணீராகப் போகிறது என்று ஆச்சிக்குத் திருப்தியான பிறகே மோரும் மிளகுரசச் சோறும் கிடைக்கும்.

நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்று தேரையரின் பிணியணுகா விதி சொல்கிறது. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த விதி எந்த வழியாகவோ அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. இன்றைக்கு ஒரு குழந்தை மருத்துவரிடம் இதைச் சொன்னால், உடம்பில் நீர் வற்றிப் போகும் ஆபத்தைச் சொல்லி நம்மைத் திட்டுவார். அவர் திட்டுவது நியாயம். ஆனால் பேதியை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த வீட்டில் ஒரு விஷயம் இருந்தது: யாருக்கு உள்ளே என்ன கோளாறு என்பது வீட்டுக்கே தெரியும்.

நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே காலத்தில், 1969-ல், நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறொரு வேலையில் இருந்தார்கள். வளைந்து நெளியும் குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டு, அங்கே முளைத்திருந்த பாலிப் என்ற சதைமுகிழை, கம்பிச் சுருக்கு மாட்டி மின்சாரத்தால் அறுத்து எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல் அந்தக் காரியம் நடந்தது. ஆச்சி வெளியே வந்ததைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகித்தாள். அவர்கள் உள்ளேயே போய்ப் பார்த்தார்கள்.

பிறகு நாங்கள் முன்னேறினோம். படிப்பு வந்தது, உத்தியோகம் வந்தது. பாளையங்கோட்டையில் வீடு கட்டியபோது படுக்கையறைக்குள்ளேயே கழிப்பறை வந்தது. அதற்குத் தாழ்ப்பாள், வாசனை போக்க ஒரு மின்விசிறி, உள்ளே யாரும் இருக்கிற சத்தமே வெளியில் கேட்காத அளவுக்குக் கனமான கதவு. கதவு கனக்கக் கனக்க வெட்கமும் கூடியது. என் பிள்ளைகளிடம் நான் "வெளிக்குப் போயாச்சா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அண்ணனும் முன்னேறியவன்தான். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு மலத்தோடு ரத்தம் வந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. மதினியிடம்கூட. மூலம் என்று அவனே தீர்மானித்துக்கொண்டான். நம்மூர்ச் சுவர்களில், பேருந்து நிலையத் தூண்களில், "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் அந்தத் தீர்மானத்துக்குத் துணை நின்றன. துத்திக்கீரை சாப்பிட்டான். கருணைக்கிழங்கு சாப்பிட்டான். சின்ன வயதில் தன் எட்டுத் தடவையைத் தெருவுக்கே சொல்லி நிமிர்ந்தவன், மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தப் பரிசோதனைக்குப் போய், ஹீமோகுளோபின் பாதாளத்தில் கிடப்பது தெரிந்து, குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி இருந்தது தெரிந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அறுவை முடித்த டாக்டர் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி என்னைப் பார்த்துத்தான்: "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. பெற்றவர், உடன்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் நாற்பது வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே, இதில் எது முந்தியோ அப்போது, குழாய் விட்டுப் பார்க்கும் அந்தக் கொலோனோஸ்கோப்பியைச் செய்து பார்த்துவிட வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் பாலிப்பில் இருந்துதான் கிளம்புகிறது. எல்லா பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் சுமார் பத்து வருஷம் பிடிக்கிறது. எமன் இவ்வளவு வாய்தா கொடுக்கிற நோய் வேறு அதிகமில்லை. அந்த வாய்தாவுக்குள் போய் அதை அறுத்து எறிந்தால் வழக்கே இல்லை.

அமெரிக்காவில் குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாதவர்களுக்கும் இந்தப் பரிசோதனையை 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். 2021 வரை அது 50 ஆக இருந்தது. நம் நாட்டில் நோய் விகிதம் குறைவு. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுதான் உண்டு. குடலுக்கு யாரும் வீடு தேடி வர மாட்டார்கள். நாமேதான் போக வேண்டும். எனக்கு வயதும் வந்திருந்தது, காரணமும் வந்திருந்தது. ஆனால் போகாமல் இருப்பதற்கான காரணங்கள் அதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தன.

பேரன் காதுகுத்து வந்தது. ஆடி வந்தது. ஆடியில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. அது என் தெருவுக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். குழாய் குடலில் ஓட்டை போட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியிருந்தார். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக நடக்கிற அந்த ஆபத்தை, ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் போகும்போது ஆழமாகச் சிந்தித்தேன். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனை போதாதா என்று டாக்டரிடம் பேரம் பேசினேன். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் அதை வருஷா வருஷம் செய்துகொள்ளலாம், உங்களுக்குக் குழாய்தான் என்றார். டாக்டர் ஒரு பெண். என் மருமகளைவிட இரண்டு வயது சிறியவராக இருப்பார். சொல்லாத காரணங்களில் அதுவும் ஒன்று.

உறுப்புகளுக்குள்ளும் அந்தஸ்து இருக்கிறது. காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் இதயம்தான் ராஜா. "எனக்கு மூணு ஸ்டென்ட்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பைபாஸ் செய்தவர் பேச ஆரம்பித்தால் இரண்டு ஸ்டென்ட்காரர் வாய் மூடிக்கொள்வார். சர்க்கரைக்கும் கண்புரைக்கும் நடுத்தர மரியாதை. மூட்டுக்கும் பரவாயில்லை. குடலைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறந்ததில்லை. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் குடலே கிடையாது என்று வெளியாள் நினைத்துக்கொள்ளலாம்.

இதில் அமெரிக்க ஜனாதிபதிகள் நம்மைவிடத் தைரியசாலிகள். மயக்கத்தில் இருக்கும் நேரத்தில் நாட்டுக்கு ஆள் வேண்டுமே என்று, ஜார்ஜ் புஷ் 2002-லும் 2007-லும் கொலோனோஸ்கோப்பிக்குப் போகும்போது துணை ஜனாதிபதி டிக் செனியிடம் எழுதிக் கொடுத்துவிட்டே அதிகாரத்தை ஒப்படைத்தார். தம் குடலுக்குள் குழாய் போகப் போகிறது என்று உலகத்துக்கே அறிவிப்பு. 2021 நவம்பர் 19 அன்று ஜோ பைடனும் அப்படியே செய்தார். அன்று 85 நிமிஷம் கமலா ஹாரிஸ் கையில் அமெரிக்கா இருந்தது. அந்த அதிகாரத்தை ஏந்திய முதல் பெண். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட குடும்பத்துப் பேத்தியிடம் வெள்ளை மாளிகையைச் சிறிது நேரம் கொண்டுவந்து சேர்த்தது தேர்தல் அல்ல, ஒரு கிழவரின் பெருங்குடல். பைடனுக்கு அன்று எடுத்தது 3 மில்லிமீட்டர் பாலிப். அளவைக்கூட வெளியிட்டார்கள். எங்கள் ஆச்சி அங்கே பிறந்திருந்தால் வெள்ளை மாளிகை மருத்துவராகவே ஆகியிருப்பாள்.

இந்தச் செய்திகளையெல்லாம் சுவையாக அண்ணனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஏல, தெருவே பாக்க புறவாசல்ல குத்தவச்ச பய நீ. இப்போ ஒரு டாக்டரு பாக்கதுக்குக் கூசுதியோ? நான் கூசி என்னத்தச் சம்பாதிச்சேன்? அடிவயித்துல ஒரு சாண் தையலு." போனை வைத்துவிட்டான். மனைவி அதற்குள் டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தாள். "ஆச்சி இருந்திருந்தா உங்களக் கேட்டுக்கிட்டா இருந்திருப்பாங்க?" என்பதோடு அவளும் முடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. முந்தின நாள் எளிய ஆகாரம்: குழைந்த வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், இட்லி. கீரை, பழம், விதை கூடாது. பிறகு ஒரு பொட்டலத்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தம்ளராகக் குடித்து முடிக்க வேண்டும். இடையிடையே இளநீர் குடிக்கலாம். பொடியின் பெயர் பாலிஎத்திலின் கிளைக்கால். குடல் அதை உறிஞ்சிக்கொள்வதில்லை; தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு வெளியேறிவிடும். கூடவே உப்புகளும் கலந்திருப்பதால் உடம்பின் நீரும் உப்பும் கலைவதில்லை. ஆச்சியின் எண்ணெயைவிட இது நாகரிகமானது. ருசியில் மட்டும், ஆரஞ்சு மிட்டாய் விழுந்த திருச்செந்தூர்க் கடல்தண்ணீர். மூக்கைப் பிடிக்க மாமா இல்லை, நானே பிடித்துக்கொண்டேன். கனத்த கதவுக்கு அந்த ராத்திரி ஓய்வே இல்லை.

காலையில் வார்டில் ஒரு நர்ஸ் பிள்ளை நோட்டோடு வந்தது. "அப்பா, மோஷன் எத்தனை தடவை போச்சு? தண்ணியாத்தான் போச்சா? கலங்கல் இல்லையே?" கரிக்கோடு போய்ப் பால்பாயின்ட் பேனா வந்திருந்தது, கேள்வி ஓரெழுத்து மாறவில்லை. சுத்தமாக இல்லாவிட்டால் சின்ன பாலிப் கண்ணில் படாமல் தப்பிவிடும், அதற்காகத்தான் கேட்கிறோம் என்று அது விளக்கியது. நான் கணக்குச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அண்ணனின் பழைய எட்டை நான் எப்போதோ தாண்டியிருந்தேன்.

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. பின்பக்கம் ஜன்னல் வைத்த ஒரு பைஜாமா கொடுத்தார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். கையில் ஏறியிருந்த ஊசி வழியாக மருந்து போனது. டாக்டர் ஏதோ ஊரைப் பற்றிக் கேட்டார். அம்பாசமுத்திரம் என்பதில் பாதி சொன்ன ஞாபகம். இத்தனை மாதமாக எந்த வெட்கத்துக்குப் பயந்தேனோ, அந்த வெட்கம் வந்திருக்க வேண்டிய அரைமணி நேரம் முழுக்க நான் அங்கே இல்லை. விழித்தபோது வயிற்றில் கொஞ்சம் காற்றும் அகோரப் பசியும்தான் மிச்சம். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். அதிகாரம் மனைவியிடம் இருந்தது. அவளிடம் அது இருப்பதற்கு மயக்க மருந்து தேவைப்பட்டதில்லை.

ஒரு பாலிப் இருந்தது. சின்னது. அங்கேயே சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கூட முடிவு, அது அடினோமா, இன்னும் எந்தக் கெடுதலும் செய்யாதது என்றது. விட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். உங்க அண்ணனுக்கு ஆன மாதிரியும் ஆகியிருக்கலாம். இப்போ அந்தக் கேள்வியே இல்லை" என்றார் டாக்டர். ஐந்து வருஷம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

மறுவாரம் மைதானத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஸ்டென்ட்களும் பைபாஸும் பேசி முடித்த இடைவெளியில், "எனக்குப் பெருங்குடல்ல ஒரு பாலிப் எடுத்தாங்க" என்றேன். ஒருவர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவருக்கு ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. மூன்று ஸ்டென்ட்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று இருட்டின பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மனைவி காப்பி போட உள்ளே போகிற வரை காத்திருந்து, சித்தப்பாவுக்கு அந்த நோய் இருந்தது என்றும், தமக்கும் கொஞ்ச நாளாக லேசாக ரத்தம் வருகிறது, அநேகமாக மூலம்தான் என்றும் சொன்னார். வலிக்குமா, எவ்வளவு ஆகும், ஆண் டாக்டர் இருப்பாரா என்று கேட்டார். ஸ்டென்ட்டுக்காக ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுவதை முதலில் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். எண்ணை எழுதிக் கொடுத்து, நாளைக்கே போகச் சொன்னேன். சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்துக்கொண்டார்.

போய்விட்டார் என்பது டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. நான்கு நாள் மைதானத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் தெளிந்த முகத்தோடு வந்தவரிடம், எங்கே ஆளைக் காணோம் என்று எல்லாரும் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, ஹார்ட் செக்கப்" என்றார் அவர்.