எல்லாம் இருக்கு அக்காளுக்கு

பேராண்டி, மொதல்ல இங்கிட்டுத் தள்ளி உக்காரு. கட்டில் கால்மாட்டுல கயிறு தொய்ஞ்சு கெடக்கு, குழிக்குள்ள போயிருவ. ஆங், இப்பச் சொல்லு. உங்க அப்பத்தாளுக்கு 80 முடியுது, பெங்களூருலருந்து லீவு போட்டு வந்திருக்க, கையில காசு இருக்கு, என்ன வாங்குறதுன்னு தெரியல. அம்புட்டுத்தான? இதுக்கா மூணு நாளா அந்தப் போனைத் தேய்ச்சுக்கிட்டுத் திரிஞ்ச?

அவ எனக்கு அக்கா. அவ பிள்ளைகளுக்குக் காது குத்துன நாள்லருந்து தாய்மாமன் சீர் தூக்கித் தூக்கி என் தோளு ஒரு பக்கமா எறங்கிப்போச்சு. அவ பீரோவுல என்ன கெடக்குன்னு அவளைவிட எனக்கு நல்லாத் தெரியும். உங்கப்பன் வாங்குன காலு அமுக்குற மெஷினு, அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கல. உங்க அத்தை எடுத்த பட்டு எட்டு, பாச்சா உருண்டை வாசத்தோட பத்திரமா இருக்கு. சுவருக் கடிகாரம் நாலு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மணி காட்டும். சால்வை ஒரு கட்டு. சித்திரை வெயில்ல மதுரையில சால்வை போத்திக்கிட்டு நடந்த புண்ணியவானை நானும் இத்தனை வருசமாத் தேடுறேன், கண்ணுல படல.

எவர்சில்வர் குடம் வாங்கி உன் பேரை வெட்டிக் குடுக்கலாம்னு பாக்குறியா? வெட்டு, தாராளமா வெட்டு. என் பேரு வெட்டுன குடம் ஒண்ணு நாலஞ்சு விசேச வீடு சுத்திட்டு, என் மக சடங்குக்கு எனக்கே சீரா வந்துச்சு. பேரு மேல சந்தனத்தை அப்பி மறைச்சிருந்தாய்ங்க. யாரு கொண்டாந்ததுன்னு சொல்ல மாட்டேன். அந்த வீட்டுலருந்து எனக்கு இன்னும் ரெண்டு மொய் வரவேண்டியிருக்கு.

நம்ம பக்கம் குடுக்குறது என்ன குடுக்குறது? எல்லாம் நோட்டுல ஏறுற கணக்கு. உசிலம்பட்டிப் பக்கம் போய்ப் பாரு, கம்ப்யூட்டர்ல மொய் எழுதி பஸ் டிக்கெட்டு மாதிரி ரசீது கிழிச்சுக் குடுக்குறாய்ங்க. போட்ட மொய்யை வசூல் பண்ண வீட்டுல கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்லன்னா, 'வசந்த விழா'ன்னு பத்திரிகை அடிச்சுக் கெடா வெட்டிருவாய்ங்க. அதுவும் சோறு நல்லாத்தான் இருக்கும், குறை சொல்லக்கூடாது.

சரி, உன் வெவகாரத்துக்கு வர்றேன். எல்லாம் இருக்குற பொம்பளைன்னா இந்த ஊருல யாரு? மீனாட்சி. அவளுக்கு மேலயா உங்க அப்பத்தா? ஊரே அவளுது. ஆனா சித்திரையில திருக்கல்யாணத்தன்னைக்குப் பாரு, 50 ரூபாயும் 100 ரூபாயுமா வச்சுக்கிட்டுச் சனம் மொய் எழுத வரிசையில நிக்கும். அந்த 50 ரூபாய் இல்லாமயா அவ சொக்கனோட குடும்பம் நடத்தப்போறா? கல்யாண வீட்டுக்குக் கைய வீசிக்கிட்டுப் போகக்கூடாதுன்னு அதுகளுக்கு ஒரு மொறை.

இதுல வெவரமாக் குடுத்தவன் ஒருத்தன்தான், அவனும் வெள்ளைக்காரன். ரவுஸ் பீட்டருன்னு, 1812-லருந்து 1828 வரைக்கும் இங்க கலெக்டரு. ஒரு ராத்திரி இடியும் மழையுமா அடிக்கும்போது, ஒரு சின்னப்பிள்ளை வந்து கையைப் பிடிச்சு வெளிய இழுத்துருக்கு. இவன் வெளிய வரவும் வீட்டுல இடி விழுந்துச்சாம். திரும்பிப் பாத்தா பிள்ளை ஓடுது, கால்ல ஒண்ணுமில்ல. மீனாட்சிதான் வந்தான்னு ஊருல சொல்லுவாக. அவன் என்ன செஞ்சான்? ஒட்டியாணமா, அட்டிகையா? அதெல்லாம் அவகிட்ட எக்கச்சக்கம். குதிரை வாகனத்துல போறப்போ கால் வைக்கிறதுக்குத் தங்கத்துல அங்கவடி செஞ்சு, கல்லு பதிச்சுக் குடுத்தான். ஆளு கழுத்தைப் பாக்கல பாத்தியா, காலைப் பாத்தான். 'பீட்டர் பாண்டியன்'னு நம்ம சனம் பேரு வச்சது சும்மா இல்ல.

ஏய், எங்க எந்திரிக்கிற? உடனே செருப்புக் கடைக்கு ஓடிறாத. கெழவிக்குச் செருப்பு வாங்கி நீட்டுனியோ, அதாலயே வாங்குவ.

இன்னொண்ணு கேளு. அழகரு ஆத்துல எறங்கப் பெட்டி பெட்டியாப் பட்டோட வர்றாரு. என்ன கலருன்னு அவரு கேக்குறதில்ல. பட்டரு பெட்டிக்குள்ள கைய விட்டு அகப்பட்டதை எடுக்குறாரு. பச்சை வந்தா வெள்ளாமைன்னு ஊரு துள்ளுது. அம்புட்டு வச்சிருக்குற மனுசன், ஆத்துல எறங்குறதுக்கு முன்னாடி தல்லாகுளத்துல எதைக் கழுத்துல போடுறாருன்னு கவனிச்சியா? 70 கிலோமீட்டருக்கு மேல தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூருலருந்து வர்ற மாலை. ஆண்டாளு போட்டுக் கழட்டுன மாலை. புதுசு இல்லடா, பழசு.

இப்ப நம்ம கெழவிக்கு வா. உன் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம்? ஆறா? அடுத்த மாசம் வளைகாப்பு. நீ நேராப் போயி, "அப்பத்தா, பிள்ளைக்குத் தொட்டி கட்ட உன் பழைய சுங்குடிச் சேலை ஒண்ணு வேணும்"னு கேளு. உங்கப்பனும் அத்தையும் அதுலதான் தொங்குனாய்ங்க. அவகிட்ட இந்தா, இந்தான்னு நீட்டத்தான் பத்துப் பேரு வர்றாய்ங்க. குடுன்னு கேட்டு எவனும் போயி வருசமாச்சு. மொதல்ல வைவா. "நாட்டுல துணியா இல்ல, பழசு எதுக்குடா"ம்பா. வெளிய வந்துறாத, வாசப்படியிலயே நில்லு. அஞ்சு நிமிசத்துல டிரங்குப் பெட்டி தெறக்குற சத்தம் கேக்கும். நெறம் மங்கி, தொவைச்சுத் தொவைச்சுப் பூவாட்டம் ஆயிருக்கும் அந்தத் துணி.

அதை வாங்குன கையோட, ஒளிச்சு வச்சிருக்குற புதுச் சுங்குடியை நீட்டு. சும்மா குடுத்தா "தண்டச் செலவு"ன்னு பீரோவுக்குள்ள தள்ளிருவா. பழசுக்குப் புதுசுன்னா அது ஏவாரம். ஏவாரத்துல வந்ததை எங்க அக்கா கட்டாம விடமாட்டா.

கடையில மட்டும் ஏமாந்துறாத. சுங்குடிம்பான், பாத்தா அச்சு அடிச்ச புள்ளியா இருக்கும். நெசச் சுங்குடின்னா சௌராஷ்டிரக்கார வீட்டுப் பொம்பளைங்க நூலை வச்சுப் புள்ளி புள்ளியா முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குனது. 2005-லயே புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. கையை வச்சுத் தடவிப் பாரு, முடிச்சு அவுத்த எடம் பொங்கி நிக்கும். இஸ்திரி போட்டு வழுவழுன்னு இருந்தா, சிரிச்சுக்கிட்டே மடிச்சுக் குடுத்துட்டு வந்துரு.

என்ன, கெளம்பிட்டியா? எனக்கா? எனக்கு என்ன வேணும், எல்லாம் இருக்குடா. கெழட்டுப் பயலுக்கு என்ன கொறை? போயிட்டு வா. ஏய், பாத்து எந்திரி, கால்மாட்டுப் பக்கம் கைய ஊணாத. கயிறு தொய்ஞ்சு கெடக்குன்னு வந்ததும் சொன்னேன்ல.