குழாய்க்குள் ஒரு துரும்பு

கேள்வி: உயரழுத்த மின்பாகங்களைக் குழாய்க்குள் வைத்து வாயு நிரப்பி மூடிவிட்டால் பழுதே வராதாமே? (ஒரு வாசகர், காங்கேயம்)

பதில்: வாயு அப்படிச் சொல்லவில்லை, விற்கிறவர் சொல்லியிருப்பார்!

திறந்தவெளி பீங்கான் இன்சுலேட்டரில் அரிசி ஆலைத் தூசு படிந்து, மார்கழிப் பனியில் நனைந்தால் மின்சாரம் அதன்மேல் தாவிவிடும். குழாய்க்குள் அந்தத் தொல்லை இல்லை. உள்ளிருக்கும் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு) வாயு, அதே அழுத்தத்தில் காற்றைப்போல் சுமார் இரண்டரை மடங்கு தாக்குப்பிடிக்கும்.

வில்லன் உள்ளேயேதான். பொருத்தும்போது உதிர்ந்த, சில மில்லிமீட்டர் நீள அலுமினியச் சீவல் போதும். மின்புலத்தில் எழுந்து நின்று குதிக்கும். மின்கடத்தியைத் தாங்கும் இன்சுலேட்டரான ஸ்பேசரில் ஒட்டிக்கொண்டால் மின்சாரத்துக்குப் பாதையே போட்டுக் கொடுக்கும். அதனால்தான் பொருத்துமிடத்தில் அத்தனை சுத்தம், முடிந்ததும் உயரழுத்தச் சோதனை. ஓடத் தொடங்கிய பின் உள்ளே நடக்கும் சிறு பொரிவுகளை யு.ஹெச்.எஃப். (மீயுயர் அதிர்வெண்) சென்சார்கள் ஒட்டுக்கேட்கும்.

வாயு கசிந்தால்? நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 23,500 மடங்கு பூமியைச் சூடாக்கும். மூக்கை நம்ப வேண்டாம், வாசனையே கிடையாது.