தண்ணீர் குடித்த இன்ஜின்: கேள்வி – பதில்

கேள்வி: அண்ணை, என்ர மச்சான் 1997ஆம் ஆண்டுச் சீடூ ஜெட் ஸ்கீ ஒண்டை 900 டொலருக்கு வாங்கிப்போட்டு வந்திருக்கிறான். "போன வருசம் நல்லா ஓடினது" எண்டு வித்தவர் சொன்னவராம். இப்ப ஸ்டார்ட் பட்டனை அமத்தினா 'டக்' எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி மாத்தினாச் சரிவருமோ?
— ஸ்கார்பரோ

பதில்: பேட்டரியாகவும் இருக்கலாம். ஆனால் ஜம்பர் கேபிளை எடுப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் மேலே ஏறும் பிஸ்டன் பாதி வழியில் முட்டி நின்றுவிடும். அதற்கும் இதே 'டக்'தான் கேட்கும். அந்த நேரத்தில் காரிலிருந்து பலமான கரண்ட் கொடுத்து வற்புறுத்தினால் கனெக்டிங் ராட் வளையும். இந்த இன்ஜின்களில் கிராங்க் ஒரே வார்ப்பு அல்ல, பல துண்டுகளை அழுத்திப் பொருத்தியது. அதுவும் முறுக்கிக்கொள்ளும்.

பிளக்கைக் கழற்றியதும் இன்ஜின் சுற்றினால் உள்ளே இருந்தது தண்ணீர். சில சமயம் ஆயிலாகவும் இருக்கும். அக்காலச் சீடூக்களின் ரோட்டாக்ஸ் இன்ஜினில் ரோட்டரி வால்வின் கியர் ஆயிலில் குளித்தபடி இருக்கும். அங்குள்ள சீல் தேய்ந்தால், வண்டி சும்மா நிற்கும்போதே ஆயில் கசிந்து கிராங்க் கேஸ் நிறைந்துவிடும். பிளக் இல்லாமலும் சுற்றவில்லையா? அப்போது பேட்டரி, செல்ஃப் மோட்டார், துருப்பிடித்து இறுகிய சிலிண்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கேள்வி: நேற்று மாலை சிம்கோ ஏரியில் என் ஜெட் ஸ்கீ கவிழ்ந்து, நேராக்குவதற்குள் இன்ஜினில் தண்ணீர் போய்விட்டது. வெயிலில் நான்கு நாள் காயவைத்தால் போதுமா?
— ஏஜாக்ஸ்

பதில்: வேண்டவே வேண்டாம்! இதைப் படிக்கும் இந்த நிமிடமே எழுந்து போங்கள்.

உங்களுடையது டூ-ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக ஒரு தொட்டியில் இருந்து பேரிங்குகளை நனைத்துக்கொண்டே இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்து கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. போகிற வழியில் ஒட்டும் மெல்லிய ஆயில் படலம்தான் கிராங்க் பேரிங்குகளுக்கு ஒரே காப்பு. உள்ளே புகுந்த தண்ணீர் அதைக் கழுவிவிடும். பிறகு காற்று பட்டதும் துரு தொடங்கும். ஒரே இரவில் உருளைகளின் மேல் புள்ளி புள்ளியாகத் துரு பூத்துவிடலாம். கண்ணாடி போலிருக்க வேண்டிய பரப்பில் ஒரு புள்ளி விழுந்தாலும் அந்த பேரிங்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன. இன்ஜினைக் கொல்வது தண்ணீரைவிட, அதற்குப் பிறகு நாம் சும்மா இருக்கும் நேரம்தான்.

சீட்டைத் தூக்கி உள்ளே காற்றோட விடுங்கள். பெட்ரோல் வாடை அடங்கும்வரை எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். பெட்ரோல் வால்வை மூடி, பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள். சீடூ என்றால் மின்பெட்டியிலேயே அதற்கென்று முளைகள் இருக்கும். எர்த் இல்லாமல் சுற்றினால் இக்னிஷன் பெட்டி போகலாம். அதைவிட மோசம், பிளக் துளையிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் கலந்த தண்ணீரில் ஒரு பொறி விழுவது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியபடி, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். தண்ணீர் வருவது நின்றதும் பிளக் துளைகளிலும் கார்புரேட்டர் வாயிலும் ஆயில் விட்டுச் சுற்றுங்கள். வெளியே வருவதில் ஒரு திவலைத் தண்ணீரும் இல்லாமல் ஆயில் சாரல் மட்டும் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். அப்படியானால் டேங்க், கார்புரேட்டர் எல்லாவற்றையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

பிளக் புதிதாகப் போட்டு ஸ்டார்ட் ஆனதும் பாதிப் பேர் கைதட்டிவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. பேரிங்குகளுக்கு நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஏரியில் இறக்கி, மிதமான வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அந்தச் சூட்டில்தான் மிச்ச ஈரம் ஆவியாகி, புதிய ஆயில் படலம் படியும்.

கேள்வி: கவிழ்ந்த ஜெட் ஸ்கீயை எந்தப் பக்கமாகப் புரட்டுவது?
— பிராம்ப்டன்

பதில்: வண்டியின் பின்புறத்தில் அம்புக்குறியோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது காட்டும் பக்கம் மட்டும். மாற்றிப் புரட்டினால் சைலன்சர் பெட்டியில் நிற்கும் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்டிக்கர் உரிந்த பழைய வண்டி என்றால், உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து நீங்களே ஒன்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் டிரெய்லரில் வைத்து, தோட்டத்துக் குழாயை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். செய்யச் செய்ய மோசமானது. ஏரியையே பார்க்காத வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது?
— மிசிசாகா

பதில்: நீங்கள் திறந்த குழாய் வழியாகத்தான். ஜெட் ஸ்கீயில் குளிர்விக்கும் தண்ணீரும் புகையும் ஒரே வழியாக வெளியேறுகின்றன. அந்தத் தண்ணீரைத் தள்ளுவது புகையின் அழுத்தம். இன்ஜின் ஓடாதபோது தள்ள ஆளில்லை. தண்ணீர் தேங்கி, பின்வாசல் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். ஆகவே முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். குழாயை மாட்டியிருந்தாலும் நெடுநேரம் ஓட்டாதீர்கள். பல சீடூக்களில் புரொப்பல்லர் தண்டைச் சுற்றியுள்ள கார்பன் வளையத்துக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேராது.

நின்றுபோன ஜெட் ஸ்கீயை வேகமாகக் கட்டி இழுத்தாலும் இதே கதிதான். ஓடும் வேகத்தில் பம்ப் வழியாகத் தண்ணீர் தானே உள்ளே ஏறும். மெதுவாக இழுக்க வேண்டும், அல்லது குளிர்நீர்க் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டு இழுக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் ஆர்எக்ஸ் 100 பைக் இன்ஜினை எத்தனையோ முறை பிரித்து மாட்டியவன் நான். ஜெட் ஸ்கீ இன்ஜினையும் நானே பார்த்துக்கொள்ளலாமா?
— வாட்டர்லூ

பதில்: ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் வரை தாராளமாக. உங்கள் கை வீண்போகாது. கிராங்க்கை மட்டும் வொர்க்‌ஷாப்பிடம் விடுங்கள். ஆர்எக்ஸ் 100இல் ஒரு சிலிண்டர். இங்கே இரண்டு சிலிண்டருக்கான துண்டுகளை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்து, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்க்க வேண்டும். இம்மி பிசகினாலும் இன்ஜின் அதிர்ந்தே தன்னைத் தின்றுவிடும்.

கேள்வி: பழைய ஜெட் ஸ்கீ ஒன்று மேலே பளபளப்பாக இருக்கிறது, விலையும் குறைவு. ஸ்டார்ட் செய்து காட்டவும் தயார் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
— மார்க்கம்

பதில்: கம்ப்ரஷன் கேஜையும் ஒரு டார்ச்சையும் கொண்டுபோங்கள். நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிளக் துளைக்குள் டார்ச் அடித்துத் துரு தெரிகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். சீடூ 717 போன்ற இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தால் 150 பிஎஸ்ஐ அளவில் காட்டும். இரண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பளபளப்பை மறந்துவிடுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தாலும் அது மேல்பாதிக்கு மட்டும்தான் சாட்சி. கீழே இருக்கும் கிராங்க்கைப் பற்றி அந்த கேஜுக்கு ஒன்றும் தெரியாது. இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கரகரப்பு தட்டுப்பட்டால், கிராங்க் வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: சார், இங்கே கடலில் எங்கள் ஃபைபர் படகு கவிழ்ந்து அவுட்போர்டு மோட்டார் மூழ்கிவிட்டது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார். அதுவரை என்ன செய்ய?
— வேதாரண்யம்

பதில்: நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதிலேயே முழுக மூழ்க வைத்துவிடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். உப்பும் காற்றும் சேர்ந்தால் துரு ஓடிப் பரவும். தண்ணீருக்குள் காற்று அவ்வளவாகப் படாது. மெக்கானிக் வந்து நின்ற பிறகு வெளியே எடுங்கள். எடுத்தால் அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும்.

கேள்வி: ஜெட் ஸ்கீக்கு, பைக்குக்குப் போடும் டூ-டி ஆயில் போதாதா?
— ஸ்கார்பரோ

பதில்: போதாது. உங்கள் மாடலின் கையேடு சொல்லும் தரம் எதுவோ அதுதான். மூழ்கி எழுந்த இன்ஜினுக்கு ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: 15 வயது மகன் ஓட்டக் கேட்கிறான்.
— ஒஷாவா

பதில்: கனடாவில் ஜெட் ஸ்கீ ஓட்ட 16 வயது ஆக வேண்டும். படகோட்டும் அட்டையும் வேண்டும். இந்த ஒரு வருடம் உங்களோடு ஸ்பேனர் பிடிக்கட்டும்.

கேள்வி: இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக்குகள் ஏரியைக் கெடுக்கின்றன என்கிறார்களே, உண்மையா?
— கிங்ஸ்டன்

பதில்: உண்மை. கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் கணிசமான பெட்ரோல் எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போகிறது. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரியில் 1999லேயே இவற்றைத் தடுத்துவிட்டார்கள். உங்கள் ஏரியின் விதியைத் தெரிந்துகொண்டு இறக்குங்கள். குடிநீர் எடுக்கும் சிறு ஏரியில், விதி அனுமதித்தாலும், இறக்காதீர்கள்.

கேள்வி: 1996 சீடூ. தண்ணீர் புகுந்து, எல்லாம் சரிசெய்து, இரண்டு வாரம் ஜோராக ஓடியது. திடீரென்று ஒரு பிஸ்டன் ஒட்டிக்கொண்டது. கம்ப்ரஷன் ஒன்றில் 150, மற்றதில் 80. பழைய தண்ணீரின் வேலைதானே?
— பிக்கரிங்

பதில்: தண்ணீர்மேல் பழி போடுவதற்கு முன் பெட்ரோல் குழாய்களின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமா? அந்தக் காலத்துச் சீடூக்களில் வந்த சாம்பல் குழாய்கள் உள்ளுக்குள் கரைந்து பச்சைப் பசையாகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு வலையை அடைத்துவிடும். பெட்ரோல் குறைந்தால் அதோடு சேர்ந்து வரும் குளிர்ச்சியும் குறையும். பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். குழாய் அத்தனையையும் மாற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் திறந்து வலைகளைச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டரில் கீறல் இருந்தால் ரீபோர் செய்து, இரண்டு பிஸ்டனையும் ஒரே அளவில் மாற்றுங்கள். சிலிண்டரைக் கழற்றியிருக்கும்போதே கிராங்க் பேரிங்குகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஹெட்டை மூடியபிறகு பார்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும்.