மாப்பிள்ளை சுப்பீரியர்

ஹிஸ்டாரிக் வேறு, ஹிஸ்டாரிக்கல் வேறு. சரித்திரத்தில் இடம்பிடிக்கும் அளவுக்குப் பெரிய சங்கதி என்றால் ஹிஸ்டாரிக். வெறுமனே பழைய காலத்தைச் சேர்ந்தது என்றால் ஹிஸ்டாரிக்கல். அதேபோல எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. குமுளிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுப்பதால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. எகனாமிக்கலாக இருக்கத் தெரியாதவனுக்கு எகனாமிக் பிரச்சினை வரும் என்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்வேன். உதாரணத்தை எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி. ஒரு மாதக் கடைசியில், என்னையே சுட்டிக்காட்டி எடுத்துக் கொடுத்தாள்.

இத்தனை நுணுக்கம் தெரிந்தவனுக்கு மாமனார் வீட்டில் ஒரு மரியாதை இருக்க வேண்டுமா இல்லையா? வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார் மாமனார். போடியில் ஐந்தாவது வரை படித்தவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆனால் அத்தனையும் பெயரடை, ஒவ்வொன்றுக்கும் கிலோ விலை உண்டு.

“மாப்ள, போல்டுன்னா என்ன?” என்றார், கல்யாணமான புதிதில்.

“தைரியமானவன் மாமா.”

ஸ்டோரில் காய் பிரித்துக்கொண்டிருந்த கம்பத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு அம்மா என்மேல் இரக்கப்பட்டு சல்லடையைத் தூக்கிக் காட்டினார். ஒரு குலுக்கு. சின்னக் காய் சரசரவென்று கீழே கொட்டியது, பெரிய காய் மேலே நின்றது. “நிக்குதுல்ல சார், அதான் போல்டு.” தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்மார்க் கணக்கில் ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாதது எக்ஸ்ட்ரா போல்டு, ஆறு என்றால் போல்டு. முழுப் பெயர் அலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. ஆலப்புழையில் ஏலச்செடி கிடையாது. திருவிதாங்கூர் காலத்தில் மலைக்காய் அங்கே இறங்கித்தான் விலைபோனது, பேரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. (போடியில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள், புற்றடியில் ஏலத்தை லேலம் விடுகிறார்கள். எல்லை என்பது ஒரு லகரம்தான்.)

அதற்குப் பிறகு ஒரு விசேஷ வீட்டில் யாரோ மாமனாரிடம் என்னைப் பற்றி விசாரித்தார்கள். “மூத்த மாப்ள சுப்பீரியர்” என்றார். காதில் தேன் பாய்ந்தது. பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். ஊருக்குத் திரும்பும் ஜீப்பில் மனைவியிடம் சொல்லிப் பூரித்தபோது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சுப்பீரியர் என்பது மூன்றாம் தரமாம். ஐந்து மில்லிமீட்டர். எக்ஸ்ட்ரா போல்டுக்கும் கீழே, போல்டுக்கும் கீழே.

“சின்ன மாப்பிள்ளை?”

“அவரு போல்டு.” பிறகு பாவம் பார்த்து, “உங்களுக்குக் கீழயும் ரகம் இருக்குங்க. லைட்டுன்னு ஒண்ணு” என்றாள்.

உயர்ந்தது என்று அகராதியே சொல்லும் ஒரு சொல்லை மூன்றாம் படியில் உட்கார வைத்தவன் யாரோ, அவன் கட்டாயம் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்திருப்பான்.

மிளகு இதைவிட மோசம். இடுக்கியில் காய்த்த மிளகும் பருமனாக இருந்தால் தலைச்சேரிப் பெயரை வாங்கிவிடும். நாலேகால் மில்லிமீட்டர் என்றால் டெல்லிச்சேரி கார்பிள்டு எக்ஸ்ட்ரா போல்டு. இன்னும் அரை மில்லிமீட்டர் பருத்தால் அதன் நடுவில் ஒரு ஸ்பெஷல் சேர்ந்துகொள்ளும். எக்ஸ்ட்ராவுக்கும் ஸ்பெஷலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் மாணவனுக்கு இனி அரை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடலாம். கார்பிள்டுதான் என்னைப் படுத்தியது. குழம்பிப்போன, சிதைந்த பேச்சு என்றுதான் நான் படித்த பொருள். வியாபாரத்தில் சலித்துச் சுத்தம் செய்த சரக்கு என்று பொருள். சலிப்பதுதான் அந்தச் சொல்லின் ஆதிப் பொருள், குழப்பம் பின்னால் வந்து சேர்ந்தது. பள்ளிக்கு வந்த ஓர் ஆய்வாளர் என் வகுப்பைப் பார்த்துவிட்டு, விளக்கம் கார்பிள்டாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போனார். நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். மாமனார் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோளில் தட்டினார். “சலிச்சு எடுத்த பேச்சுன்னு எழுதியிருக்கான் மாப்ள. இதுக்கா வருத்தம்?”

பாலக்காட்டில் எனக்கு நடந்தது தமிழ்ப் பெயரடையால். கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் சகலை, அதாவது அந்தப் போல்டு, இலையில் சோற்றைப் போடச் சொல்லிவிட்டு, “மட்ட அரிசிங்க சகலை, கூச்சப்படாமச் சாப்புடுங்க” என்றார். சுப்பீரியருக்கு இதுதான் சோறு போலிருக்கிறது என்று மனசு சுருங்கியது. சிவந்து, தடித்து, வரிவரியாக இருந்த அந்தச் சோறு பாலக்காடன் மட்ட, புவிசார் குறியீடு பெற்றது, கேரளத்தில் பேர்போன அரிசி என்பதெல்லாம் கைகழுவிய பிறகுதான் தெரிந்தது. நான் இரண்டு கவளத்தில் எழுந்ததற்கு இப்போதும் அந்த வீட்டில் எனக்கு வயிறு சரியில்லை என்றே பெயர்.

ஒரே ஒரு தடவை என் பாடம் மாமனாருக்குப் பயன்பட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு காய் வரத்துச் சுருங்கி, 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ ஏழாயிரம் ரூபாய் போனது. “இது ஹிஸ்டாரிக் விலை மாமா” என்றேன். அந்தச் சொல்லை அவர் ஆசையாகப் பிடித்துக்கொண்டார், பால்காரரிடம்கூடச் சொன்னார். 2022-இல் விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தபோது திண்ணையில் உட்கார்ந்து, “இப்ப என்ன சொல்றது மாப்ள?” என்று கேட்டார். “அதே ஏழாயிரம்தான் மாமா, இப்ப ஹிஸ்டாரிக்கல்.” வித்தியாசத்தை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.

டீக்கு வருகிறேன். கடைவரைக்கும் சிக்கல் இல்லை. ஸ்ட்ராங், லைட், எல்லைக்கு அப்பால் கடுப்பம். சர்க்கரை வேண்டாம் என்றால் வித்தவுட். வேற்றுமை உருபு மாதிரி கிடந்த ஒரு சொல்லை இந்த ஊர்க்காரர்கள் பெயரடையாக்கி டம்ளரில் ஊற்றித் தருகிறார்கள். ஆனால் மூணாறில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ருசி பார்க்கும் அறைக்கு அழைத்துப்போய் என்னைக் கெடுத்துவிட்டான். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக. ருசிப்பவர் கரண்டியில் எடுத்து, ஓட்டுக்கூரையில் மழை இறங்கும் சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிறார். வீட்டில் நான் இதில் கால்வாசிச் சத்தம் போட்டால் சம்சாரம் கதவைச் சாத்துவாள். அங்கே அதற்குச் சம்பளம்.

அவர்கள் பேச்சில் பிரைட் என்பது கண்ணுக்கு, சாற்றின் பளபளப்பு. பிரிஸ்க் என்பது நாக்குக்கு, சுரீரென்ற உயிர்ப்பு. நசுக்கிய இலை காற்றுப்பட்டுப் புளிக்கும்போது தியாஃப்ளேவின் உண்டாகி இரண்டையும் தருகிறது. கூடுதல் நேரம் விட்டால் அது தியாரூபிஜினாக மாறி, நிறம் ஏறும், உயிர் போகும். ஆள் பார்வைக்கு இருப்பான், சுரத்து இருக்காது. ஹார்ஷ் என்றால் வசவு, பஞ்ஜென்ட் என்றால் பாராட்டு. இரண்டும் நாக்கை இறுக்கும்தான், முன்னதில் கசப்பு, பின்னதில் கசப்பில்லாத துவர்ப்பு. டீ போடுவது எப்படி என்று 1980-இல் ஆறு பக்கத்துக்கு ஒரு தரநிர்ணயமே எழுதியது பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனம். நூறு மில்லிக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிஷம். 1999-இல் அதற்கு இலக்கியத்துக்கான இக் நோபல் கொடுத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி அடுப்பங்கரை மேடையில் வைத்தேன்.

அதை அவள் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் டீயை நீட்டி, “எப்படி இருக்கு?” என்றாள். இத்தனை வருஷமாக “நல்லாருக்கு” என்று தப்பித்து வந்தவன், அன்று உறிஞ்சி, சுழற்றி, “பஞ்ஜென்ட்” என்றேன். என் வாழ்நாளில் அவளுக்குக் கொடுத்த ஆகப்பெரிய பாராட்டு. அவள் பேசாமல் உள்ளே போய், நானே வாங்கி வைத்திருந்த அகராதியைப் புரட்டினாள். காட்டமான, குத்தலான, மூக்கைத் துளைக்கிற நெடியுள்ள என்று போட்டிருந்தது.

அடுத்த நாள் காலை டம்ளர் வழக்கம்போல மேசைக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன். வெந்நீர்.

“என்னது இது?”

“வித்தவுட்” என்றாள்.