ஸ்வல்ப அட்ஜஸ்ட் டர்போ

2004-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காருக்கு 1.8 லிட்டர் என்ஜின். டர்போ தயவில் 150 குதிரைசக்தி. அதை இன்னும் கட்டிக் காப்பவருக்கு பெங்களூரு பொம்மனஹள்ளியின் மெக்கானிக்குகள் கன்னடத்தில் சொல்லும் ஆறுதல்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

ரீகண்டிஷன் ஆகி வரும் டர்போ, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். மாட்டினால்தான் குணம் தெரியும். கம்ப்ரசர் கூட்டைச் சற்றே திருப்பி முடுக்கியிருப்பார்கள். காற்றுக் குழாய் வேறு திசையைப் பார்க்கும். வேஸ்ட்கேட் கம்பி இடிக்கும். பழைய ஸ்டட் கழற்றும்போதே முறியும். எண்ணெய் திரும்பும் குழாய் புவியீர்ப்பை மட்டுமே நம்பிக் கீழிறங்குவது. அதையும் சாய்த்து, கேஸ்கட்டுக்குப் பதில் சிலிக்கோன் பசையை அப்பினால், பிதுங்கிய பசை வழியை அடைக்கும். எண்ணெய் சீலைத் தாண்டி சைலன்சர் வழியே நீலப்புகையாக வரும். "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும்!"

நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் தண்டு அது, அட்ஜஸ்ட் ஆகாது. சரி, எல்லாம் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு, ஓசூர் சாலையில், 150 குதிரையும் முதல் கியரில் மேயும். 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஓடுகிறது. பொம்மனஹள்ளிக்கு அடுத்த நிலையம் சில்க் போர்டு.